மாத்திரையா, தைலமா? தேனீ வளர்க்கறவங்க கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், பெட்டியில தேனீயோட குஞ்சுப் புழு சாகுது, என்ன மருந்து ஊத்தலாம்னு. மழை விட்ட பிறகு எப்பவுமே வர்ற கேள்விதான், ஆனா இந்தத் தடவை நிறைய பேர் ஆன்டிபயாடிக் மாத்திரை பத்தியும் அதுக்குப் பதிலா மூலிகை ஏதாவது இருக்கானும் கேட்டிருக்காங்க. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: ஐயா வணக்கம். நாங்க தாண்டிக்குடி பக்கம். காப்பித் தோட்டத்துக்குள்ள எட்டு பெட்டி வச்சிருக்கோம், எல்லாம் நம்ம அடுக்குத் தேனீதான். ரெண்டு வாரமா மூணு பெட்டியில புழு செத்துக் கெடக்கு, மூடின அறையெல்லாம் கடிச்சுத் திறந்து கெடக்கு, உள்ள புழு தலையைத் தூக்கிட்டு மல்லாந்து இருக்கு. டெட்ராசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரிச்சு சர்க்கரைப் பாகுல கலந்து குடுங்கனு ஒருத்தர் சொல்றார். என் மாமியார் மஞ்சத்தூள் தூவுனா போதும்ங்கறாங்க. எதைச் செய்யறது?

பதில்: முதல்ல அந்த கேப்சூலைக் கீழ வச்சிடுங்கம்மா. நீங்க எழுதின அடையாளத்தைப் பாத்தா பாக்டீரியா நோய் மாதிரி தெரியல, தாய் சாக்ப்ரூட்னு (தாய்லாந்துப் பேருதான்) ஒரு வைரஸ் நோய் இருக்கு, அது மாதிரிதான் இருக்கு. வைரஸுக்கு டெட்ராசைக்ளின் ஒண்ணு போட்டாலும் நூறு போட்டாலும் ஒரு பலனும் கெடையாது. நீங்களே ஒரு தடவை உறுதி பண்ணிக்கலாம். ஒரு ஊக்கு எடுத்து அந்தப் புழுவை மெதுவா தூக்குங்க. தோல் கிழியாம, உள்ள தண்ணி கட்டின பை மாதிரி முழுசா வெளிய வந்துச்சுன்னா அதுதான். காஞ்சு போன புழு படகு மாதிரி வளைஞ்சு கறுத்துக் கெடக்கும், தேனடை கட்டியிருக்கற மரச் சட்டத்தைத் தட்டினா பொலபொலன்னு உதிரும். பெரிசா நாத்தமும் இருக்காது.

பாக்டீரியா நோய்னா வேற மாதிரி. ஐரோப்பிய ஃபவுல்ப்ரூட்னு ஒண்ணு, அதுல அறையை மூடறதுக்கு முன்னாடியே நாலஞ்சு நாள் வயசுலயே புழு செத்துரும், மஞ்சளா முறுக்கிக்கிட்டு புளிச்ச வாடையோட கெடக்கும். அமெரிக்கன் ஃபவுல்ப்ரூட்னு இன்னொண்ணு, அதுல மூடின பிறகு சாகும், மூடி உள்பக்கம் குழிஞ்சு ஓட்டை விழுந்திருக்கும், தீக்குச்சியை விட்டு இழுத்தா பசை மாதிரி நூலா நீளும். இந்த மூணையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாமத்தான் முக்கால்வாசிப் பேர் புழு செத்தா உடனே மருந்துக்கடைக்கு ஓடறாங்க.

இந்த சாக்ப்ரூட் நமக்குப் புதுசு இல்லம்மா. 1991, 92-ல கேரளா, கர்நாடகா, நம்ம தமிழ்நாடுன்னு தென்னிந்தியா முழுக்கப் பரவி நூத்துக்குத் தொண்ணூறு கூட்டத்துக்கு மேல அழிச்சிட்டுப் போச்சு. மார்த்தாண்டம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பெட்டி இருந்த காலம் அது, எல்லாம் காலியாகி அடுக்கி வச்ச பலகையாக் கெடந்துச்சு. எங்க அப்பா நாப்பது பெட்டி வச்சிருந்தாரு, அந்த ரெண்டு வருஷத்துல மூணு மிஞ்சுச்சு. அவரும் யார் யாரோ சொன்ன மாத்திரையெல்லாம் பாகுல கரைச்சு ஊத்தினவர்தான், ஊத்தின பெட்டியும் செத்துச்சு, ஊத்தாததும் செத்துச்சு. மிஞ்சின அந்த மூணு பெட்டியைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் திரும்பப் பெருக்கினாரு, இன்னைக்கு எங்கிட்ட இருக்கறதெல்லாம் அந்த மூணோட வாரிசுதான். இதை நான் மறக்கவே மாட்டேன், ஏன்னா மருந்தால தப்பிச்ச கூட்டம் ஒண்ணுகூட இல்ல, நோயைத் தாங்கற குணம் இருந்த கூட்டம்தான் தப்பிச்சுது.

சரி, இப்ப என்ன பண்ணணும்னா, நோய் வந்த மூணு பெட்டியிலயும் ராணியைப் புடிச்சு சின்னக் கூண்டுல அடைச்சு அதே பெட்டிக்குள்ளயே ரெண்டு மூணு வாரம் தொங்க விடுங்க. முட்டை விழலன்னா புது புழு இல்ல, புழு இல்லன்னா வைரஸுக்குப் பெருக எடமில்ல. செத்த புழுவை இழுத்துப் போடற இளசான தேனீங்களோட சுரப்பியிலதான் வைரஸ் ஏறுது, அதுங்களே அடுத்த புழுவுக்குப் பால் ஊட்டறப்போ நோயும் சேந்து போயிரும். இந்த இடைவெளியில அதுங்க வயசாகி வெளி வேலைக்குப் போயிரும், அப்ப அந்தச் சங்கிலி அறுந்துரும். ரொம்பக் கெட்டுப் போன அடையை எடுத்து எரிச்சுடுங்க. மிச்ச அடையை தேனீ முழுக்க மூடி உக்கார்ற அளவுக்கு மட்டும் வைங்க, நாலு சட்டத்துக்குத்தான் கூட்டம் இருக்குன்னா நாலு போதும், காலி சட்டம் இருந்தா குளிர் உள்ள உக்காந்துக்கும். புழு இருக்கற எடம் 34, 35 டிகிரி சூட்டுல இருக்கணும், நம்ம மலையில ஐப்பசி கார்த்திகை மழையில அந்தச் சூட்டைப் பிடிச்சு வைக்கவே அதுங்க படாத பாடு படும்.

முக்கியமா ஒண்ணு. இந்த மூணு பெட்டிச் சட்டத்தை அந்த அஞ்சு பெட்டிக்கு மாத்தவே மாத்தாதீங்க, பாவம் பலவீனமா இருக்கேன்னு நல்ல பெட்டி அடையை எடுத்துக் குடுக்கறது, திரும்ப இதுல இருந்து அதுக்கு வைக்கறது, இதுலதான் நோய் தோட்டம் முழுக்கப் போகுது. நோய்ப் பெட்டியை எப்பவும் கடைசியாத் திறங்க, கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. அடுத்த காப்பிப் பூ சமயத்துல எந்தப் பெட்டி நோயே வராம நிக்குதோ அதுல இருந்து புது ராணி எடுத்து இந்த மூணுக்கும் குடுங்க.

மாமியார் சொன்ன மஞ்சத்தூளைப் பத்தியும் சொல்லிடறேன். அவங்க சொல்றதுல கெடுதல் இல்ல, ஸ்டாண்டு காலைச் சுத்தி எறும்புக்குத் தூவிக்கிட்டா தூவிக்கலாம். ஆனா புழு நோய்க்கு அது மருந்து இல்ல. மஞ்சள் தண்ணியில சரியாக் கரையாது, பாகுல கலக்கினா அடியில போய் உக்காந்துக்கும், தேன் அறைக்குள்ள தூவினா தேன்லதான் கலக்கும், தேனீயை நோய்லேந்து காப்பாத்தாது.

கேள்வி: அண்ணா, நாங்க கோத்தகிரி பக்கம் பெண்கள் குழு, பதினஞ்சு பேர் பெட்டி வச்சிருக்கோம். ரசாயனம் எதுவும் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஓமத் தைலம், பட்டை, எலுமிச்சைப்புல் தைலம், நீலகிரித் தைலம், வேப்பெண்ணெய்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆன்டிபயாடிக் எடத்துல இதுல எதை வைக்கலாம்? அளவு சொன்னா உதவியா இருக்கும்.

பதில்: ரசாயனம் வேண்டாம்னு பதினஞ்சு பேர் சேந்து முடிவெடுத்தது ரொம்ப நல்ல விஷயம் தங்கச்சி. ஆனா செடியில இருந்து வந்ததாலயே ஒண்ணு சாதுவாயிடாது, அதை முதல்ல மனசுல வச்சுக்குங்க. ஒரு சொட்டுத் தைலங்கறது கைநிறைய இலையோட சாரம்.

ஓமத்தைப் பத்திப் பேசுவோம், ஏன்னா அதுலதான் உண்மையான சரக்கு இருக்கு. ஓமத்தைக் கசக்கினா மூக்கைத் துளைக்கற வாடை வருது இல்ல, அதுக்குக் காரணம் தைமால்னு ஒரு பொருள். வெளிநாட்டுல தைம்னு ஒரு செடி, நம்ம ஊட்டி கோத்தகிரிப் பக்கம் ரோஸ்மேரியோட சேத்துப் பயிர் பண்றாங்களே அதேதான், அதுலயும் இதே தைமால்தான். வெளிநாட்டுல இருந்து வந்த இத்தாலியத் தேனீயைப் பிடிக்கற வர்ரோவா சிலந்திப்பேனுக்கு இந்த தைமாலை வச்சே பல நாடுகள்ல அனுமதியோட மருந்து விக்கறாங்க. பெட்டிக்குள்ள வச்சா கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி பேனைக் கொல்லும். இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, அது பேனுக்கான மருந்து, பாக்டீரியாவுக்கோ வைரஸுக்கோ இல்ல. ரெண்டாவது, அது ஆவியாக வெளிய 15 டிகிரிக்கு மேலயாவது சூடு வேணும், உங்க ஊர் மார்கழிப் பனியில அது கல்லு மாதிரி அப்படியே கெடக்கும், வெயில் ஏறினா ஒரேயடியா கிளம்பி தேனீயை வெளிய விரட்டும்.

அதுக்கும் மேல, நம்ம அடுக்குத் தேனீக்கு வர்ரோவா மருந்தே தேவை இல்லம்மா. அந்தப் பேன் காலங்காலமா நம்ம தேனீயோடதான் இருந்துச்சு, பின்னாடிதான் இத்தாலியத் தேனீக்குத் தாவுச்சு. நம்மது ஒண்ணை ஒண்ணு சுத்தம் பண்ணி பேனைக் கடிச்சுத் தள்ளும். பேன் பெருகறதும் ஆண் தேனீ அறையில மட்டும்தான், அங்கயும் ரொம்பப் பேன் ஏறிப்போச்சுன்னா அந்த அறையைத் திறக்காம பேனோட சேத்து அப்படியே புதைச்சிடும். இப்படி ஒரு தேனீயை வச்சுக்கிட்டு அதுக்கு எதுக்குத் தைலம்?

பட்டை, கிராம்பு, எலுமிச்சைப்புல், தைம் இதோட எண்ணெயெல்லாம் ஆய்வுக்கூடத்துல கண்ணாடித் தட்டுல அமெரிக்கன் ஃபவுல்ப்ரூட் பாக்டீரியாவை வளர விடாம நிறுத்துது, அது உண்மை, பட்டை எண்ணெய் ரொம்ப நல்லாவே நிறுத்துது. ஆனா கண்ணாடித் தட்டு வேற பெட்டி வேற. தட்டுல பாக்டீரியா மேல எண்ணெய் நேரா படுது. பெட்டியில அது பாகுல கலந்து, தேனீ வயித்துக்குப் போய், அங்க இருந்து பால் ஊட்டற தேனீ வழியா புழு வாய்க்குப் போய்ச் சேரணும், அதுக்குள்ள எவ்வளவு மிஞ்சும்? புழு வரைக்கும் போய்ச் சேரணும்னு அளவைக் கூட்டினா தேனீ சாகும். தவிர எண்ணெய் பாகுல கரையாது, மேல மெதக்கும், முதல்ல வர்ற தேனீங்க அந்த எண்ணெயைத்தான் குடிக்கும், சாயங்காலம் வாசல்ல செத்துக் கெடக்கும். அதனாலதான் அளவு கேட்டும் நான் அளவு சொல்லல, பாகுல எந்தத் தைலமும் ஊத்தாதீங்க, அவ்வளவுதான்.

எலுமிச்சைப்புல் தைலத்துல இன்னொரு சங்கதி. தேனீங்க வாசல்ல நின்னு பின்பக்கத்தைத் தூக்கி இறக்கையை வீசி மத்த தேனீயைக் கூப்பிடுமே, அந்த வாசனையில இருக்கற சிட்ரால்தான் இந்தத் தைலத்துலயும் இருக்கு. புதுப் பெட்டிக்குக் கூட்டத்தை வரவைக்க ஒரு சொட்டுத் தேய்க்கறது நல்ல பழக்கம், நானே செய்வேன். ஆனா நோயில கெடக்கற பலவீனமான பெட்டியில ஊத்தினா பக்கத்துப் பெட்டிக்காரங்களை விருந்துக்குக் கூப்பிட்ட கதைதான், தேனைக் கொள்ளையடிச்சுட்டு நோயையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகும்.

வேப்பெண்ணெய் பெட்டிக்குள்ளயே வேண்டாம். பூச்சியோட புழு தோல் உரிக்க விடாம பண்றதுதான் வேம்போட வேலையே, தேனீப் புழுவும் பூச்சிப் புழுதானே. நீலகிரித் தைலம் நம்ம சளிக்கு நல்லது, அதோட இருக்கட்டும்.

கேள்வி: இத்தாலியத் தேனீ நாலு பெட்டி சமவெளியில இருந்து வாங்கிட்டு வந்தேன், ஒண்ணுல நீங்க முன்னாடி எழுதின மாதிரி தீக்குச்சியில நூல் இழுக்குது. மூலிகைப் புகை போட்டா சரியாகுமா? கூடலூர் வாசகர்.

பதில்: ஆகாதுங்க. அமெரிக்கன் ஃபவுல்ப்ரூட்டா இருந்துச்சுன்னா அதோட விதை மாதிரியான ஸ்போர் அடையிலயும் பலகையிலயும் முப்பது வருஷத்துக்கு மேல உசுரோட கெடக்கும். ஆன்டிபயாடிக் அந்த ஸ்போரைத் தொடவே தொடாது, வளர்ற பாக்டீரியாவை மட்டும் அமுக்கும், மருந்தை நிறுத்தினதும் நோய் எழுந்து உக்காரும், நடுவுல பெட்டி நல்லா இருக்கேன்னு நம்பி வித்துட்டா நோய் அடுத்த ஊருக்குப் போகும். புகையும் தைலமும் ஸ்போர் கிட்ட நெருங்கக்கூட முடியாது. இங்கிலாந்துல இந்த நோய் வந்த கூட்டத்தைச் சட்டப்படியே அழிச்சு எரிச்சுடறாங்க. நீங்க இப்பவே வாசலைச் சின்னதாக்கி அந்தப் பெட்டியைத் தனியா வைங்க, புழு அடையில உள்ளங்கை அளவு துண்டை வெட்டி பேப்பர்ல சுத்தி, பாலித்தீன்ல போட்டா அழுகிடும் அதனால பேப்பர்தான், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறைக்குக் கொண்டு போய்க் காட்டுங்க. அதுதான்னு சொன்னாங்கன்னா சாயங்காலம் தேனீ எல்லாம் உள்ள வந்த பிறகு குழி வெட்டி எரிச்சுடுங்க. ஒரு கூட்டத்தை எரிக்கறது எவ்வளவு வயித்தெரிச்சல்னு எனக்குத் தெரியும், மிச்ச மூணையும் உங்க ஊர் காட்டுத் தேனீயையும் நெனைச்சுச் செய்ங்க.

கேள்வி: கொஞ்சூண்டு ஆன்டிபயாடிக் குடுத்தா தேனுக்கு என்ன ஆயிடப் போகுது? மனுசனும் அதைத்தானே சாப்பிடறான். பண்ணைக்காடு வாசகர்.

பதில்: தேன்ல தங்கிடுங்க, அதான் பிரச்னை. 2010-ல ஆன்டிபயாடிக் எச்சம் மாதிரியான காரணத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் நம்ம நாட்டுத் தேனையே வாங்க மாட்டோம்னு நிறுத்திட்டாங்க, திரும்பத் திறக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ தரத்துலயும் இதுக்கு வரம்பு இருக்கு. மலைத்தேன்னு நம்பி ஒரு தாய் புள்ளைக்கு நாக்குல தடவறா, அதுல மருந்து இருந்தா நமக்கு மனசு எப்படிங்க கேக்கும்.

தேனை விடுங்க, தேனீயைப் பாருங்க. தேனீ குடல்லயும் நம்ம குடல் மாதிரியே நல்ல பாக்டீரியாங்க குடியிருக்கு, பொறந்து சில நாள்லயே கூடப்பொறந்ததுங்க கிட்ட இருந்து அதுக்கு வந்துரும். 2017-ல அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல தேனீங்களுக்கு அஞ்சு நாள் டெட்ராசைக்ளின் குடுத்து, அடையாளம் வச்சுத் திரும்பக் கூட்டுல விட்டுப் பாத்தாங்க. மூணு நாள் கழிச்சு எண்ணினா மருந்து சாப்பிடாததுல மூணுல ரெண்டு பங்கு இருந்துச்சு, மருந்து சாப்பிட்டதுல மூணுல ஒரு பங்குதான் இருந்துச்சு. குடல்ல இருந்த காவல்காரனையே கொன்னுட்டோம், அப்புறம் சாதாரணக் கிருமி வந்தாலும் தாங்கல. அந்த வருஷத்துல இருந்து அமெரிக்காவுல தேனீக்கு ஆன்டிபயாடிக் வேணும்னா கால்நடை டாக்டர் சீட்டு இல்லாம வாங்க முடியாது. நம்ம ஊர்ல கேட்டதும் கைநீட்டிக் குடுத்துடறாங்க.

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில முக்கால் ஏக்கர் இருக்கு ஐயா. மருந்து, தைலம் ரெண்டும் வேண்டாம்னா தேனீயோட எதிர்ப்பு சக்திக்கு செடியே எதுவும் பண்ணாதா? நடறதா இருந்தா என்ன நடலாம்?

பதில்: பண்ணும், இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான். செடியோட மருந்து தேனீக்குப் பூ வழியாத்தான் போகணும், நாம பாட்டில் வழியா குடுக்கறதாலதான் கெட்டுப் போகுது. மகரந்தத்துல கூமாரிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு, தேனீ அதைச் சாப்பிட்டா உடம்புல நஞ்சை முறிக்கற வேலையும் எதிர்ப்பு வேலையும் முடுக்கி விட்ட மாதிரி ஆகுதுன்னு 2013-ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. வெறும் சர்க்கரைப் பாகுல அது கெடையாது. வருஷத்துல ஆறு மாசம் பாகை மட்டும் ஊத்தி வளக்கற கூட்டம் ஏன் சோகை புடிச்ச மாதிரி இருக்குன்னு இப்பப் புரியுதா. லண்டன் க்யூ பூங்கா ஆட்கள் 2019-ல இன்னொண்ணு சொன்னாங்க, ஹெதர்னு ஒரு புதர்ச்செடிப் பூத்தேன்ல இருக்கற ஒரு பொருள் பம்பிள் தேனீயோட குடல்ல ஒட்டற ஒட்டுண்ணியை ஒட்ட விடாம பண்ணுதாம். அந்தச் செடி நம்ம ஊர்ல இல்ல, ஆனா பல பூ இருந்தா தேனீக்குப் பல மருந்து கெடைக்குங்கறது நமக்கும் பொருந்தும்.

பிசின் பத்தியும் கேப்பீங்க. மரத்துப் பிசினைக் கொண்டு வந்து பெட்டிக்குள்ள பூசி கிருமியை அடக்கறது இத்தாலியத் தேனீயும் கொசுத்தேனீயும்தான். நம்ம அடுக்குத் தேனீ பிசினே எடுக்காதுன்னு சொல்லலாம். அதனால வேற பெட்டிப் பிசினைக் கரைச்சு இதுக்குப் பூசறேன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க.

உங்க முக்கால் ஏக்கருக்கு வருவோம். மாசி பங்குனியில உங்களுக்குக் கவலையே இல்ல, பூமழை பேஞ்சதும் காப்பி பூத்துரும், ஆரஞ்சு, சில்வர் ஓக், நாவல்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துரும். பஞ்சம் வர்றது மழைக்காலத்துலயும் அது விட்ட உடனேயும்தான், நோயும் அப்பத்தான் வருது, ரெண்டும் ஒண்ணா வர்றது தற்செயல் இல்ல. அதனால அந்தக் காலத்துக்குப் பூக்கறதை நடுங்க. கடுகும் கொத்தமல்லியும் ரெண்டு வாரத்துக்கு ஒரு பாத்தின்னு தள்ளித் தள்ளி விதைங்க, முள்ளங்கியில கால்வாசியைப் பிடுங்காம பூக்க விடுங்க. வேலியோரம் துளசி, தும்பை, ஓமம், கொஞ்சம் தைம். பூசணி, பீர்க்கு கொடியில காலையில மகரந்தம் நிறைய கெடைக்கும். தோட்டத்தோரத்துல தானா வர்ற குறிஞ்சி வகைச் செடிங்களைக் களைன்னு வெட்டாதீங்க, பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கற நீலக்குறிஞ்சி மட்டும் குறிஞ்சி இல்ல, அதோட சொந்தக்காரங்க நிறைய இருக்காங்க. பூத்திருக்கற நேரத்துல எதுக்கும் மருந்தடிக்காதீங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிட்டயும் சொல்லி வைங்க, அடிச்சே ஆகணும்னா தேனீ அடங்கின பிறகு பொழுது சாய அடிக்கச் சொல்லுங்க.

தேன் எடுக்கறப்போ புழு அறையில இருக்கற தேனைத் தொடாதீங்க. ஐப்பசி மழைக்கு அது அதுங்களோட சோறு, அதை எடுத்துட்டு சர்க்கரைப் பாகு ஊத்தறது கணக்குலயும் நட்டம். பெட்டியைக் கிழக்குப் பாத்து, காலையில வெயில் விழற மாதிரி, சாரல் அடிக்காத மறைவுல வைங்க. முதல் கடுகுப் பாத்தியை புரட்டாசி பாதியிலயே விதைச்சுட்டீங்கன்னா கார்த்திகை மழை நடுவுல வெயில் எட்டிப் பாக்கற நாள்ல அதுங்களுக்குப் போக ஒரு எடம் இருக்கும்.